தும்மலோடு வந்த பாட்டு

நான் கார்ட்டூனுக்கு வசனம் எழுதுகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. டிவியில் கரடி பேசுகிறது, ஆமை பேசுகிறது. அதற்கெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. என் மாமனார் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த நரி சொல்ற பொய்யெல்லாம் நீ எழுதறதுதானா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். அன்றிலிருந்து நரி வரும் நேரத்தில் அவர் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். வேற்று மொழிக் கார்ட்டூன்களைத் தமிழுக்கு மாற்றுவது எங்கள் தொழில். அதில் அர்த்தம் பாதிதான், வாய் பாதி. திரையில் கரடி வாயை மூடினால் அந்த இடத்தில் 'ம'வோ 'ப'வோ வர வேண்டும். வாயைப் பிளந்தால் ஒரு 'ஆ' வேண்டும். அப்படி வார்த்தை தேடித் தேடி, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கல்யாணமாகிக் கொல்லிமலைக்கே திரும்பியபோது கம்பெனி என்னை விடவில்லை. வீட்டிலிருந்தே எழுதி அனுப்பச் சொன்னார்கள். மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம்; பெரக்கரை நாட்டில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் வரும். என் ஆபீஸ் அதுதான். மாடு தண்ணீர் குடிக்க வந்தால் நான் எழுந்து இடம் விட வேண்டும்.

ஒரு வருடம் எங்கள் கம்பெனி சொந்தமாக ஒரு கார்ட்டூன் எடுக்க முடிவு செய்தது. கதாநாயகன் ஒரு முள்ளம்பன்றிக் குட்டி. எல்லாரோடும் சேர்ந்து விளையாட ஆசை, ஆனால் பக்கத்தில் போனால் எல்லாரையும் குத்திவிடும். பந்து வெடிக்கும், பலூன் உடையும், நண்பன் அலறுவான். அதுதான் கதை. எங்கள் இயக்குநர் சென்னைக்காரர், குழந்தைகளுக்காகவே பல வருடம் படம் செய்த பெண்மணி. கதையெல்லாம் அவர் எழுதிவிட்டார். தொடக்கப் பாட்டுக்கு வரிகளை நான் எழுத வேண்டும் என்றார். நாலே வரி போதும் என்றும் சொன்னார்.

அந்த நாலு வரி என் உயிரை எடுத்தது. முதலில் முள்ளம்பன்றி துள்ளித் துள்ளி வருவதாக எழுதி அனுப்பினேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் பதிலைக் கேட்டேன். "இதுல முள்ளம்பன்றிய எடுத்துட்டு முயல்னு போட்டாலும் பாட்டு ஓடும். அப்போ இது முயல் பாட்டு" என்றார். சரியாகத்தான் சொன்னார். அடுத்து முள்ளைப் பற்றி எழுதினேன். ரோஜாச் செடிக்கும் பொருந்துகிறது என்றார். அதற்கடுத்து நட்பு, ஒற்றுமை என்று எழுதினேன்.  அதற்கு அவர், சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது பலாப்பழ சீசன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பழம் கொண்டு போனார். எனக்கும் சந்தையில் வேலை இருந்ததால் அதே பஸ்ஸில் ஏறினேன். அக்கா கூட அவருடைய சின்ன மகளும் வந்தாள். ரெண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அதிகம் பேசாத, எதையும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற பெண். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பலாப்பழங்களைப் பின் படிக்கட்டு ஓரம் அடுக்கி, அக்கா காலால் முட்டுக் கொடுத்து நின்றார். காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குகிற ரோட்டில் வளைவுக்கு வளைவு பழம் உருளும். ஒரு பழம் உருண்டு வந்து அந்தப் பெண்ணின் காலில் முள்ளை உரசியது.

"தள்ளி நில்லு சாமி, குத்திப்போடும்" என்றார் அக்கா.

அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. தள்ளி நின்றாள். இன்னும் தள்ளினாள். ஆட்களுக்கு நடுவே புகுந்து டிரைவர் பக்கம் வரைக்கும் போய்விட்டாள். அக்கா எட்டிப் பார்த்தார், மகளைக் காணவில்லை.

"தள்ளித்தான நிக்கச் சொன்னேன், தள்ளியே போயிராத" என்று கூப்பிட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் திரும்பினேன். முள்ளம்பன்றிக் குட்டி உலகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அதைத்தானே. கிட்ட வந்தால் குத்தும், அதனால் தள்ளி நில்; ஆனால் என்னை விட்டுப் போய்விடாதே. மறந்துவிடுமோ என்று பயந்து, அடிவாரம் வரும் வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒருவர் நான் சாமிக்கு வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்து, எனக்கு உட்கார இடம் கொடுத்தார்.

கீழே இறங்கினதும் நல்ல சிக்னல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இயக்குநரைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

முள்ளு முள்ளா முதுகு எனக்கு,
மூக்கு மட்டும் மெத்துன்னு இருக்கு.
தள்ளி நில்லு, தள்ளி நில்லு,
தள்ளிப் போயிடாதே.

 இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். "இது முயலுக்குப் பொருந்தாது" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

சந்தையில் அக்காவைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டார். புள்ளைய அதட்டினது எல்லாம் பாட்டாகும் என்றால் என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது, சாயங்காலம் வா என்றார்.

மெட்டுப் போட வந்தவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர்தான். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே பாத்திரக் கடை. கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு விளம்பரங்களுக்கு இசை செய்துகொண்டிருந்தார். சென்னையில் எங்கள் கம்பெனிக்கும் அவ்வப்போது வேலை செய்வார். கீழே கடையில் யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டும் என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அந்தக் குடத்துச் சத்தத்தையே பிறகு பாட்டில் தாளமாக வைத்துவிட்டார்.

மெட்டு சுலபத்தில் வரவில்லை. மாதக்கணக்காக ஒவ்வொன்றாகச் செய்து அனுப்பினார். எல்லாமே இனிமையாக இருந்தன. கேட்டு முடித்ததும் மறந்தும் போயின. கடைசியில் ஒருநாள் அவருடைய தங்கை மகன் வரிகளை மட்டும் கேட்டுவிட்டு, கண்ணாமூச்சி விளையாட்டில் கூப்பிடுவது மாதிரி ராகம் இழுத்துச் சொல்லிக்கொண்டு ஓடினானாம். அவன் மாமா அதைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறி, கடைசி வரியில் தொப்பென்று இறங்குகிற மெட்டு. 'போயிடாதே' முடிந்ததும் முரசு அடிக்க ரெண்டு தட்டு காலியாக விட்டிருந்தார். இயக்குநருக்கும் பிடித்தது. யார் பாடுவது என்பதுதான் அடுத்த கேள்வி.

பாட்டுப் படித்த பிள்ளைகள் வேண்டாம் என்பதில் இயக்குநர் உறுதியாக இருந்தார். விளையாட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கத்துகிற குரல் வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையே பாட வைக்கலாம் என்று நான் சொன்னேன். அவர்களைக் கீழே கூட்டிப் போவதற்குத்தான் பெற்றவர்கள் சம்மதிக்கவில்லை. வளைவில் இறங்கினால் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், வாந்தி எடுத்த வாயில் பாட்டு எப்படி வரும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் மெட்டுப் போட்டவர் மைக்கையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். வழியில் அவருக்குத்தான் வாந்தி. வெளுத்த முகத்தோடு எங்கள் வாசலில் இறங்கியவருக்கு என் மாமியார் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்தார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பாட்டு பாய் எழுந்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்று வைத்த பெயர்தான். இன்றைக்கும் எங்கள் ஊரில் அவர் பாட்டு பாய்தான்.

அது மிளகு பறித்து முடித்த நேரம். ரெக்கார்டிங்குக்கு எதிரொலி இல்லாத அறை வேண்டும் என்றார். வீடு முழுக்கக் கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கள் மிளகு மூட்டை அறைக்குள் போய்க் கையைத் தட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுவர் தெரியாமல் சாக்கு மூட்டைகள். சத்தம் அப்படியே விழுந்து அமுங்கிவிடுகிறது. சென்னையில் இப்படி ஓர் அறை கட்ட எவ்வளவு பாடு படுகிறார்கள் தெரியுமா என்றார். என் வீட்டுக்காரர் ஒன்று மட்டும் சொன்னார்: "ஏனுங்க, காத்தாடி போட்டுராதீங்க. தூசி கெளம்பிரும்."

மின்விசிறி போடவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே வந்து நின்றதே போதுமானதாக இருந்தது. நன்றாகக் கத்துகிறவர்கள் முன்னால். பக்கத்து வீட்டு அக்காவின் சின்ன மகள் கடைசி வரிசையில், ஒரு மூட்டைமேல் சாய்ந்து நின்றாள். பாட வந்தவள் இல்லை அவள். அவளுடைய அக்காதான் பாட வந்திருந்தாள். தங்கையை வீட்டில் தனியாக விட முடியாது என்று கூட்டி வந்திருந்தாள். வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளும் அந்த வேலையை மிகவும் பொறுப்பாகச் செய்துகொண்டிருந்தாள்.

முதலில் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். அப்புறம் வெட்கம் போய், யார் பெரிதாகக் கத்துவது என்று போட்டி வந்தது. 'போயிடாதே' என்று எழுதியிருந்ததை எல்லாரும் 'போயிராத' என்றே பாடினார்கள். திருத்தித் திருத்திப் பார்த்து, ஒருவழியாக எல்லாம் கூடி வந்தது. குரல்கள் சேர்ந்தன, மூச்சு சேர்ந்தது. நான் கதவோரம் நின்று கையைக் கட்டிக்கொண்டு, இதுதான், இதுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். 'தள்ளிப் போயிடாதே' என்று எல்லாரும் இறக்கி நிறுத்தினார்கள். முரசுக்காக விட்ட ரெண்டு தட்டு இடைவெளி.

கடைசி வரிசையிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

சின்னத் தும்மல் இல்லை. 'ஹா' என்று முதல் தட்டில் இழுத்து, 'ச்சூ' என்று ரெண்டாம் தட்டில் விழுந்தது. தாளம் தப்பவே இல்லை.  பிள்ளைகள் சிரித்துக் குப்புற விழுந்தார்கள். பாட்டு பாய் தலையில் இருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தும்மினவள் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சித்தி, நான் வேணும்னு தும்மலீங்க" என்றாள்.

எனக்குத் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் வரவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிளகு நெடியில் எனக்கும் தும்மல் வந்தது, தும்மினேன். அதைப் பார்த்துத்தான் அவள் சோற்றில் கை வைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தும்மல் இல்லாமல் ஒழுங்காக இன்னொரு தடவை எடுத்தோம். பாட்டு பாய் ரெண்டையும் சென்னைக்கு அனுப்பினார். தும்மலை அனுப்பியது இயக்குநரைச் சிரிக்க வைக்கத்தான். ஆனால் அங்கே முள்ளம்பன்றியை வரைகிற பையன், யாரிடமும் பேசாத ஒரு ஓவியர், அதைக் கேட்டுவிட்டு யாரையும் கேட்காமல் ஒரு காட்சி வரைந்துவிட்டார். குட்டி பாடுகிறது, தும்முகிறது. தும்மினதும் முதுகு முள் அத்தனையும் விசுக்கென்று நட்டுக்கொள்கிறது. சுற்றி நின்ற செடிகளின் இலையெல்லாம் உதிர்கிறது. குட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒழுங்கான பாட்டு இனி தேவையில்லை என்றார். பெயர்ப் பட்டியலில் எல்லாருக்கும் பிறகு 'தும்மல்' என்று தனியாகப் போட்டு, அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்தார்.

முதல் நாள் ஒளிபரப்பாகும்போது ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். டிஷ் ஆண்டெனாவை மறைத்த முருங்கைக் கிளையை என் வீட்டுக்காரர் முந்தின நாளே வெட்டி வைத்திருந்தார். பாட்டு வந்தது. தங்கள் குரலைத் தாங்களே கேட்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். தும்மல் வந்த இடத்தில் எல்லாரும் டிவியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல், நேராக நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவள் தலை தெரிந்தது. பாட்டு முடிந்தும் மறுபடி போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மாவுக்கு வேறு கவலை. "எம்புள்ள தும்முனத ஊரு ஒலகமே கேக்குதே, கண்ணு பட்டுராதுங்களா?" என்று என் மாமியாரிடம் கேட்டார். அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடியே வராது என்பார்கள். அன்று வந்த நெடியில் ரெண்டு வீட்டு ஆட்களும் மாட்டுக் கொட்டகை வரைக்கும் ஓடிப்போய் நின்று தும்மினோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணு ஒண்ணும் படவில்லை என்று நிம்மதியானார்.

பாட்டு எங்கள் கையை விட்டுப் போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. முதலில் சந்தையில் கேட்டேன். ஒரு அம்மா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே பாடினார், குழந்தை தும்முவதற்காக வாயைத் திறக்கும்போது இட்லியை உள்ளே தள்ளினார். பிறகு நாமக்கல்லில் ஒரு சரக்கு வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த மெட்டில் ஹாரன் அடித்தது. காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரர்கள் வாசித்தார்கள். தும்மல் வரும் இடத்தில் ஊர்வலமே நின்று தும்மிவிட்டு நடந்தது. மாப்பிள்ளையும் தும்மினார். எங்கள் பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பிள்ளைகளிடம் 'தள்ளி நில்லு' வரியை மட்டும் பாடுவார். அவர்கள் கடைசி வரியைப் பாடிக்கொண்டு உள்ளே வருவார்கள். நான் எழுதினேன் என்று சில இடங்களில் சொல்லிப் பார்த்தேன். நாமக்கல் துணிக்கடையில் ஒரு பெண் சிரித்துவிட்டு, என் மகன்கூடத் தானே எழுதினதாகச் சொல்லுவான் என்றார்.

அடுத்த வருடம் தொற்று நோய்க் காலம் வந்தது. ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். தள்ளி நிற்கச் சொல்லித் தொண்டை கட்டிப்போன எங்கள் கிராம நர்ஸ் ஒருநாள் பாட்டையே பாடிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் அடுத்த வரியைப் பாடினார்கள். அப்புறம் ஊராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அதையே போட்டுக்கொண்டு போனார்கள். பாட்டு நல்ல வேலை செய்தது, தும்மல் மட்டும் இடைஞ்சல். தும்மலைக் கேட்டால் ஜனங்கள் நடுங்குகிற காலம் அது. ஒலிபெருக்கியில் தும்மல் வந்ததும் ஒரு தெருவே கதவைச் சாத்திக்கொண்டது என்று நர்ஸ் என்னிடம் சொன்னார்.

சேனலுக்கும் புகார் போயிருந்தது. தும்மலை எடுத்துவிட்டோம் என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். மறுநாள் டிவியில் பார்த்தேன். முள்ளம்பன்றி பாடியது, நின்றது, ரெண்டு தட்டு சும்மா விழித்தது, போனது. எனக்கு ஏதோ பல் விழுந்த வாயைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளைகள் கவலைப்படவில்லை. காலி இடம் வந்ததும் அவரவர் வீட்டில் அவரவரே தும்மினார்கள். முன்பு டிவி ஒரு தும்மல் தும்மியது; இப்போது ஊர் முழுக்கத் தும்மியது. சென்னையிலும் அதே கதைதான் என்று இயக்குநர் சொன்னார். அவருடைய அடுக்குமாடியில் அந்த நேரத்துக்கு எல்லா மாடியிலிருந்தும் கேட்கிறதாம்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. குட்டி முழங்கையை மடக்கி அதற்குள் தும்மட்டும். பார்க்கிற பிள்ளைகளும் அப்படியே செய்வார்கள். படத்தை வரைந்துவிடலாம். ஆனால் கைக்குள் அமுங்கிய தும்மல் சத்தம் வேண்டும். அதே பெண் தும்மினால் நல்லது, போனிலேயே பதிவு செய்து அனுப்பு என்றார்.

அதுதான் முடியாமல் போனது. அவள் எங்கள் வாசலில் வந்து, முழங்கையை மடக்கி முகத்தருகே தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். தும்மல் வரவில்லை. மிளகை நுணுக்கி மோந்து பார்த்தாள். என் மாமனார் மூக்கில் நூல் விடச் சொன்னார். என் வீட்டுக்காரர் வெயிலைப் பார்க்கச் சொன்னார். அவள் அம்மா, தும்மாவிட்டால் சோறு கிடையாது என்று மிரட்டிப் பார்த்துவிட்டு, உடனே மனம் கேட்காமல் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் தும்மிவிட்டோம். அவளுக்கு வரவில்லை. கடைசியில் முழங்கையைக் கீழே போட்டுவிட்டு, "வரலீங்க சித்தி. வந்தா நானே வாரேன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். ரெண்டு நாள் கழித்து, நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தைக் கோணிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக் குறுக்குவழியில் ஓடி வந்தாள். நான் மாவுக் கையோடு போனைத் தேடினேன். போன் தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் இருந்தது. ரெண்டு பேரும் அங்கே ஓடினோம். தொட்டியை எட்டுவதற்கு முன்பே மாட்டின் முகத்துக்கு நேராகத் தும்மிவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்ட பாட்டு பாய் பழைய தும்மலையே ஸ்பீக்கரில் போட்டு, மேலே தலையணையை வைத்து அமுக்கி, மறுபடி பதிவு செய்து அனுப்பினார். டிவியில் வந்தது அதுதான். பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகள் எல்லாரும் முழங்கைக்குள் தும்மினதைப் பார்த்து ஆசிரியர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

அந்தப் புகழால் அவளுக்குத் தொல்லையும் இருந்தது. எங்கே போனாலும், ஒரு தும்மல் போடு கண்ணு என்பார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். நான் முதல் வரிசையில் பதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மைக்கை வாங்கி, அது சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அது ஒருக்காத்தாங்க வந்துச்சு. நான் இப்ப வாய்ப்பாடு சொல்றேன்" என்றாள். பதினாறாம் வாய்ப்பாட்டை முழுவதும் சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டல் ஓய வெகு நேரமானது. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் அவள்தான் முதல். பாட்டில் தான் இருப்பதைப் பற்றி அவளாக யாரிடமும் சொல்வதில்லை. யாராவது சொன்னால் மறுப்பதும் இல்லை.

கார்ட்டூன் நின்று சில வருடம் ஆகிறது. போன வருடம் அதைப் புது மாதிரி எடுக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. பாட்டையும் புதிதாகச் செய்தார்கள். பாட்டு பாய்தான் செய்தார், ஆனால் வேறு குரல்கள், வேறு தாளம். குடச் சத்தம் இல்லை, டிரம்ஸ் இருந்தது. வரி மட்டும் என்னுடையது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். அன்று பாடினவர்கள் எல்லாம் மீசை அரும்பி, தாவணி போட்டு நின்றார்கள். மரியாதையாகக் கடைசி வரைக்கும் கேட்டார்கள். நல்லாத்தான் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வாலிபால் விளையாடப் போய்விட்டார்கள். எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. பாட்டு பாயிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தப் பாட்டுக்கு இனிமேல்தான் பிள்ளைகள் வருவார்கள் என்றார்.

அதில் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் மகள் தொற்று நோய்க் காலத்துக்குப் பிறகு பிறந்தவள். பழைய பாட்டை அவள் டிவியில் பார்த்ததே இல்லை. போன வாரம் அடுப்பில் களி கிண்டிக்கொண்டே நான் பழைய மெட்டில் முணுமுணுத்தேன். அவள் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து என் சேலையை இழுத்தாள்.

"அம்மா, நீ தப்பாப் பாடற" என்றாள்.

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்து, துணிக்கடைப் பெண்ணை நினைத்து விட்டுவிட்டேன். எப்படிப் பாட வேண்டும் என்று கேட்டேன். அவள் புது மெட்டில் பாடிக் காட்டினாள். நடுவில் ஒரு சுற்று சுற்றி, இங்க நீயும் சுத்தணும், அப்பத்தான் சரி என்றாள். புதுப் படத்தில் குட்டி அந்த இடத்தில் சுற்றுகிறது போலிருக்கிறது, நான் கவனித்ததில்லை. களி அடிப்பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அடுப்பை அணை என்றாள். அணைத்துவிட்டுச் சுற்றினேன். வேகம் போதாது என்று மறுபடியும் சுற்ற வைத்தாள். தோட்டத்திலிருந்து மிளகுக்கூடையோடு வந்த அவள் அப்பா, வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்து அவரும் சுற்றினார்.